தோல் மடல் பயிற்சி வகுப்பு: முதல்முறை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் எடுத்த முதல் வகுப்பு சொதப்பல். முப்பது மாணவர்கள், நான்கு செட் கருவிகள், அன்று காலைதான் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த பன்றிக் கால்கள். கத்தி இறங்கவே இல்லை. ஒரு பிளேடின் முனை உடைந்து எங்கே விழுந்தது என்று அரை மணி நேரம் மேசைக்கு அடியில் தேடினோம். வகுப்பு முடிந்தபோது பாதிப் பேர் ஒரு வெட்டுகூடப் போட்டிருக்கவில்லை. வெட்டியவர்களில் ஒருவர் தன் மடலை (ரத்த ஓட்டம் அறாமல் பக்கத்துக் குழியை மூட நகர்த்தும் தோல் துண்டை) ஃபோர்செப்ஸில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சார், இப்ப இதை எந்தப் பக்கம் திருப்பணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி உறைத்தது. கத்தி பிடிக்கத் தெரியாதது அவர் குறை இல்லை. எதை எங்கே நகர்த்தப் போகிறோம் என்று தெரிவதற்கு முன்பே கத்தியைக் கொடுத்தது என் குறை.

துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். “அடுத்த மாதம் ஃபிளாப் (மடல்) வகுப்பு, நீங்களே எடுத்துடுங்க” என்று மேலே இருந்து சொல்லியிருப்பார்கள். அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

1. எதை விடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று மணி நேர வகுப்புக்கு மூன்று மடல்கள் போதும்: வி-ஒய், லிம்பர்க், இசட் பிளாஸ்டி. நகர்த்துவது, இடையில் உள்ள தோலைத் தாண்டித் திருப்பி வைப்பது, இரண்டு முக்கோணங்களை இடம் மாற்றுவது என்ற மூன்று அசைவுகளும் இதே வரிசையில் இவற்றில் வந்துவிடும். சுழற்று மடலைப் பலகையில் வரைந்து காட்டினால் போதும். அதன் வில் நீளம் மூட வேண்டிய குழியின் அகலத்தைப் போல நான்கைந்து மடங்கு வேண்டும் என்பதால் சின்னத் தோல் துண்டில் அது சரியாக வராது. இரண்டு இதழ் கொண்ட பைலோப்டு மடலைத் தொடவே வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், மாணவர்களும் கேட்பார்கள். ஆனால் லிம்பர்க் புரியாதவருக்கு அது வெறும் கோலம்.

இன்னொன்று. சாதாரணத் தனித்தையல், செங்குத்து மேட்ரஸ் தையல், நீடில் ஹோல்டரால் முடிச்சுப் போடுவது ஆகிய மூன்றும் கைவராதவர்களை இந்த வகுப்பில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு தையல் வகுப்பு வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் ஃபிளாப் வகுப்பு முடிச்சு வகுப்பாக மாறிவிடும்.

2. காகித வேலை: ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

பலரும் கடைசி வாரத்தில் செய்யும் வேலை இது. வகுப்பு தள்ளிப்போவதும் பெரும்பாலும் இதனால்தான். தயாராக இருக்க வேண்டியவை:

- துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி. நாள், அறை, மாணவர் எண்ணிக்கை, பயன்படுத்தப்போகும் திசு எது என்பது அதில் இருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி அறைச் சாவி வைத்திருப்பவரிடம் செல்லாது.
- விலங்குத் திசு பற்றிய குறிப்பு. உணவுக்காக ஏற்கெனவே வெட்டப்பட்ட விலங்கின் தோலை வாங்கிப் பயன்படுத்துவது வேறு, பயிற்சிக்காக விலங்கைப் பயன்படுத்துவது வேறு. நீங்கள் செய்வது முதலாவது என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, நிறுவனத்தின் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.
- கழிவு அகற்றும் பிரிவுக்குக் கடிதம். எத்தனை கிலோ திசு, எத்தனை கூர்முனைப் பெட்டி, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு வைக்காதீர்கள். ஏன் என்று திங்கட்கிழமை காலை அறையைத் திறப்பவருக்குத் தெரியும்.
- மாணவர் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி விவரம்.
- புகைப்பட ஒப்புதல். மாணவரின் கை மட்டுமே படத்தில் வந்தாலும் வாங்கிவிடுங்கள்.

மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்துப் பின்னால் ஒரு கட்டுரை எழுதலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், நெறிமுறைக் குழுவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வகுப்பு முடிந்தபின், “தரவு கையில் இருக்கிறது, அனுமதி மட்டும் கொடுங்கள்” என்று போய் நின்றால் காரியம் நடக்காது. நான் நின்றிருக்கிறேன்.

3. மனிதத் தோலுக்குப் பதில் எது?

வடிவக்கணிதத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று இரண்டு பொருள் வேண்டும்.

வடிவக்கணிதத்துக்கு மெல்லிய ஃபோம் ஷீட். தாள் வேண்டாம். தாள் இழுபடாது, இழுபடாத பொருளில் மடல் அறுவையைக் காட்டினால் பாதிப் பாடம் போய்விடும். ஃபோமைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், ஸ்டேப்லர் பின்னால் இணைக்கலாம். விலையும் மிகக் குறைவு என்பதால் ஒருவருக்கு ஐந்து ஷீட் தாராளமாகக் கொடுக்கலாம்.

கைக்குப் பன்றித் தோல். அதன் அமைப்பு மனிதத் தோலுக்கு ஓரளவு நெருக்கம். கால் பகுதியைவிடக் கொழுப்போடு கூடிய வயிற்றுப் பகுதிதான் என் விருப்பம். காலில் தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். வயிற்றில் தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்கு இருப்பதால், எந்த ஆழத்தில் பிரிக்க வேண்டும் என்று காட்ட முடியும். கோழித் தோல் மலிவு, ஆனால் மெல்லியது. புதிய கைகளில் கிழிந்துவிடும். சிலிக்கான் பேடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், நாற்றமும் இல்லை. ஆனால் உள்ளே வலை வைக்காத பேடில் தையல் இழுத்ததும் அறுத்துக்கொண்டு வரும். பன்றித் தோலைத் தொட விரும்பாத மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். காரணம் கேட்காதீர்கள். நான்கைந்து சிலிக்கான் பேடுகளை எடுத்து வைத்துவிட்டு, “எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

உறைந்த திசுவாக இருந்தால் முந்தைய நாளே ஃப்ரீசரிலிருந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். கனமான துண்டுகளுக்கு முழுதாக 24 மணி நேரமாவது பிடிக்கும். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் மேலே குழைந்து உள்ளே கல்லாக இருக்கும். கெடாமல் இருக்கட்டும் என்று ஃபார்மலினில் போடுவது அதைவிட மோசம். தோல் விறைத்துப்போய் இழுவையே தெரியாது. வகுப்பு நடக்கும்போது ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

4. கருவிகள், செலவு

ஒரு மாணவருக்கு வேண்டியது: 3ஆம் எண் கைப்பிடி, 15ஆம் எண் பிளேடு, பல்லுள்ள ஆட்சன் ஃபோர்செப்ஸ், ஒரு ஸ்கின் ஹுக் (தோலை நசுக்காமல் தூக்கும் கொக்கி), நீடில் ஹோல்டர், கத்தரிக்கோல், 4-0 நைலான் நூல், மார்க்கர் பேனா, ஸ்கேல், பாகைமானி. கடைசி மூன்றையும் பட்டியலில் எழுத மறப்பார்கள். இந்த வகுப்பில் அவைதான் முக்கியம்.

செலவில் பெரும்பகுதி தோலுக்குப் போகாது, தையல் நூலுக்குத்தான் போகும். காலாவதியான நூல் பாக்கெட்டுகளை அறுவை அரங்கிலிருந்து கேட்டு வாங்கினால் பெரும் மிச்சம். ஆனால் கைக்கு வந்த நிமிடமே ஒவ்வொரு பெட்டியிலும் “பயிற்சிக்கு மட்டும்” என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மிஞ்சிய பெட்டியை யாரோ நல்லெண்ணத்தில் அரங்க அலமாரியில் திருப்பி வைத்துவிட்டால் விளைவை யோசித்துப் பாருங்கள். பயிற்சிக் கருவிகளுக்கும் கைப்பிடியில் வண்ண டேப் சுற்றிவிடுங்கள், அரங்கக் கருவிகளோடு கலக்காது.

பிளேடில் சிக்கனம் வேண்டாம். ஒருவருக்கு ஒன்று, மொட்டையானால் இன்னொன்று. இருவர் ஒரே பிளேடைப் பகிர்வது மிச்சமில்லை, ஆபத்து. முதலாமவர் விரலைக் கீறியிருந்தால் இரண்டாமவரின் கீறலுக்கு ரத்தப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும்.

கருவி செட் குறைவாக இருந்தால் மாணவர்களைக் குறையுங்கள். ஒரு ஆசிரியருக்கு நான்கு பேர், அதிகபட்சம் ஐந்து. முப்பது பேர் என்றால் இரண்டு நாள் வையுங்கள், உதவிக்கு மேல்நிலை மாணவர்களைக் கூப்பிடுங்கள். நான் வைத்திருக்கும் நேரக்கணக்கு இது: பேச்சு 15 நிமிடம், பேனாவும் ஃபோமும் 45, செய்து காட்டுவது 20, மாணவர் கை 75, மதிப்பீடும் சுத்தம் செய்வதும் 25.

5. முதலில் பேனா

ஃபோம் ஷீட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் போடச் சொல்லுங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. “எதுக்கு சார்?” என்பார்கள். பதில் சொல்லாதீர்கள். நடுவில் சாய்சதுரம் வெட்டி, மடல் திருப்பி, ஸ்டேப்லர் அடித்து முடித்தபின் அந்தக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் சதுரங்கள் நீண்டிருக்கும், ஓரிடத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும், ஒரு மூலையில் ஃபோம் கூம்பாக எழும்பி நிற்கும். இழுவை எங்கே போனது, டாக் இயர் என்னும் அந்தக் கூம்பு எங்கே வரும் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

லிம்பர்க் வரையும்போது மூலைகளுக்கு எண் போடுங்கள். வரிசை இது:

மூட வேண்டிய குழி சாய்சதுரம் 1-2-3-4. 1, 3 இரண்டும் 60 பாகை. 2, 4 இரண்டும் 120 பாகை. 2இலிருந்து 4க்குப் போகும் குறுக்குக்கோட்டை அதே நீளத்துக்கு வெளியே நீட்டினால் 5. அங்கிருந்து 4-3 பக்கத்துக்கு இணையாக, அதே நீளத்துக்கு ஒரு கோடு. அதன் முடிவு 6. மடல் என்பது 3-4-5-6. வெட்டுவது 4-5, 5-6 என்ற இரண்டு கோடுகளை மட்டும். 3-6 மடலின் அடி. அதுதான் மடலுக்கு ரத்தம் வரும் வழி, அங்கே கத்தி படக்கூடாது.

சரியாக வரைந்தார்களா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: 1, 4, 6 மூன்றிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லை என்றால் எங்கோ கோணம் தப்பிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி. முப்பது ஷீட்டையும் சில நிமிடங்களில் திருத்திவிடலாம்.

இந்தக் கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. மடல் போனபின் உண்டாகும் வெற்றிடத்தை மூட 4ஐயும் 6ஐயும் சேர்க்கிறோம்; முழு அறுவையிலும் அதிக இழுவை அங்கேதான். அப்படியானால் 4-6 கோடு எந்தத் திசையில் தோல் தாராளமாக இழுபடுமோ அந்தத் திசையில் இருக்க வேண்டும். 4-6 என்பது 1-4 பக்கத்தின் நீட்சிதானே? ஆகவே சாய்சதுரத்தை வரையும்போதே இரண்டு எதிர்ப்பக்கங்களைத் தளர்வான திசைக்கு இணையாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு சாய்சதுரத்துக்கு நான்கு மடல்கள் வரையலாம். மாணவர் நான்கையும் வரைந்து, மூன்றை ஏன் வேண்டாம் என்கிறார் என்று காரணத்தோடு சொல்லட்டும். கத்தியைக் கொடுப்பதற்கு நான் வைக்கும் தேர்வு இது ஒன்றுதான்.

இசட் பிளாஸ்டிக்கு இவ்வளவு நேரம் தேவைப்படாது. இசட்டின் மூன்று கோடுகளும் சம நீளம், கோணம் 60 பாகை. இரண்டு முக்கோணங்களும் இடம் மாறியதும் நடுக்கோடு ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பும், கணக்குப்படி நீளம் 75 சதவீதம் கூடும். 30 பாகை என்றால் 25 சதவீதம், 45 என்றால் 50. உடம்பில் இந்தக் கணக்கு முழுசாக வராது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

6. செய்து காட்டுவது

நான்கு சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் வாய் திறக்காமல், வழக்கமான வேகத்தில். இரண்டாவதில் மெதுவாக, ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே. மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவதில் அவரே சொல்லி அவரே செய்வார். பேட்டன் முறை என்பார்கள். நேரம் போதவில்லை என்று பலரும் வெட்டுவது மூன்றாவது சுற்றைத்தான். என்னைக் கேட்டால் முதலாவதை வெட்டுங்கள், மூன்றாவதை விடாதீர்கள். “அடுத்து என்ன?” என்று நீங்கள் கையை நிறுத்தும்போதுதான் யாருக்குப் புரியவில்லை என்பது தெரியும்.

7. இப்போது கத்தி

பன்றித் தோலில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மார்க்கர் பிடிக்காது. ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வரையச் சொல்லுங்கள். சாய்சதுரத்தின் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். பெரிதாக வெட்டினால் மூட முடியாமல் திணறுவார்கள்.

வழக்கமாக வரும் தவறுகள்:

*கத்தி சாய்வது.* தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் விளிம்பு மெலிந்து தையலில் பொருந்தாது. முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னாலே பாதி சரியாகிவிடும்.

*மடலை மெல்லியதாக உரிப்பது.* தமக்கென்று தனி ரத்தக்குழாய் இல்லாத இத்தகைய மடல்கள் தோலுக்கு அடியில் இருக்கும் நுண்குழாய் வலையை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. கொழுப்பில் ஒரு படலம் மடலோடு சேர்ந்து வரவேண்டும். மடலைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளைத் தோலாகத் தெரிந்தால் வலையை வெட்டியாயிற்று என்று அர்த்தம்.

*நுனியை நசுக்குவது.* ஃபோர்செப்ஸின் பல் மடலின் நுனியில் பதிந்திருந்தால் நான் மதிப்பெண் குறைப்பேன். ஸ்கின் ஹுக் எதற்கு இருக்கிறது? மூலையில் போடும் தையலும் அப்படித்தான்: பாதி புதைந்த மேட்ரஸ். எதிர்ப்பக்கத் தோலில் நுழைந்து, மடல் நுனியின் உள்தோலில் மட்டும் கிடைமட்டமாகப் போய், திரும்ப எதிர்ப்பக்கத்தில் வெளியே வரவேண்டும்.

*முதல் தையலைத் தப்பான இடத்தில் போடுவது.* மடலை அதன் புது இடத்தில் பொருத்திப் பார்க்கும் ஆசையில் 5ஐ 1இல் போய்த் தைத்துவிடுவார்கள். முதலில் 4ஐயும் 6ஐயும் சேர்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைக் கொஞ்சம் அடியில் பிரித்து விட்டுக்கொண்டு இந்த ஒரு தையலைப் போட்டால், மடல் தானாகவே குழிக்குள் போய் உட்காரும். மாணவர் முகத்தில் ஒரு வியப்பு வரும், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்.

வி-ஒய் மடலில் பிரச்சினை நேர் எதிரானது. லிம்பர்க்கில் மடலின் அடிப்பக்கத்தைப் பிரித்துப் பழகிய கை, இங்கேயும் முக்கோணத் தீவின் அடியைச் சுத்தமாகப் பிரித்துவிடும். அந்தத் தீவைச் சுற்றிலும் ஏற்கெனவே வெட்டியாயிற்று. ரத்தம் வருவது அடியில் இருக்கும் கொழுப்புத் தண்டு வழியாக மட்டும்தான். அதையும் வெட்டினால் கையில் இருப்பது வெறும் தோல் துண்டு. ஆகவே வி-ஒய்யை லிம்பர்க்குக்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது இந்த எச்சரிக்கையைப் பலகையில் எழுதி வையுங்கள்.

8. பன்றித் தோல் சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டும்

மேசையில் இருக்கும் தோலில் ரத்தம் ஓடாது. மிக இறுக்கமாகத் தைத்தாலும் அது வெளுக்காது, நீலம் பாயாது, மூன்றாம் நாள் நுனி கருக்காது. அதனால் மேசைக்கு மேசை போய்க் கேட்க வேண்டும்: “இது உயிருள்ள தோலாக இருந்தால் இப்போது என்ன நிறம்?” வெளிறி, அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமானால் உள்ளே வரும் ரத்தம் போதவில்லை. நீலம் பாய்ந்து, நிறம் சட்டென்று திரும்பினால் வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் முதலில் செய்ய வேண்டியது இழுக்கும் தையலைத் தளர்த்திப் பார்ப்பதுதான்.

நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். முகத்தில் மூன்றுக்கு ஒன்று தாங்கும் மடல், முழங்காலுக்குக் கீழே ஒன்றுக்கு ஒன்றுகூடத் தயங்கும். இதைச் சட்டமாகச் சொல்லாதீர்கள்; அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நீளமும் கூடிக்கொண்டே போகும் என்று நம்பிவிடுவார்கள். நல்ல ரத்தக்குழாய் உள்ளே வருகிறதா என்பதுதான் கேள்வி.

9. மதிப்பீடும் எண்ணிக்கையும்

மதிப்பீட்டுத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அறுவைத் திறனை மதிப்பிடும் ஓசாட்ஸ் மாதிரியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல், கூடவே திசுவைக் கையாளும் விதம், கை அசைவில் சிக்கனம் போன்றவற்றுக்கு ஐந்து புள்ளி அளவுகோல். நான் கூடுதலாக ஒன்று வைத்திருக்கிறேன்: வெட்டுவதற்கு முன் வரைந்த கோட்டின் படம் ஒன்று, தைத்து முடித்த படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பல மாணவர்கள் தங்கள் தவறைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் எண்ணிக்கை. கொடுத்த பிளேடு எத்தனை, ஊசி எத்தனை, திரும்பியது எத்தனை. கணக்கு சரியாகும் வரை யாரும் வெளியே போகக் கூடாது, நீங்கள் உட்பட. கூர்முனைப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். யாருக்காவது கீறல் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழியாதீர்கள். உடனே பதிவேட்டில் எழுதுங்கள். வேறொருவர் பயன்படுத்திய கத்தி என்றால் அதே மணி நேரத்தில் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. “சின்னக் கீறல்தான் சார்” என்று மறைக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். வகுப்பு தொடங்கும்போதே, கீறலுக்கு மதிப்பெண் குறையாது, மறைத்தால் குறையும் என்று சொல்லிவிடுங்கள்.

10. ஆறு வாரம் கழித்து

மிஞ்சிய ஃபோம் ஷீட்டுகளை எறியாதீர்கள். ஆறு வாரம் கழித்து, மாணவர்கள் வேறு வகுப்புக்காக உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒரு ஷீட், ஒரு பேனா. எண்கள் போட்டு லிம்பர்க் வரையச் சொல்லுங்கள். 1, 4, 6இல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கடந்த முறை நான் இதைச் செய்தபோது வரைந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கோடு நேராக வரவில்லை. அவர்களுக்கு மட்டும் அடுத்த சனிக்கிழமை காலை, கத்தி இல்லாமல், பேனாவோடு ஒரு மணி நேரம் வைத்தேன்.